கடைக்குள் நாய் வரலாமா? – ஒரு மஸ்அலா விளக்கம்

சிங்கப்பூரில் மளிகைக் கடை நடத்தி வரும் சகோதரர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரே வாரத்தில் அவருடைய கடையில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்திருக்கின்றன. முதலில் ஒரு பெண்மணி சிறு நாய்க்குட்டியைக் கையில் ஏந்தியவராகச் சாமான் வாங்க வந்தார். கடையில் வேலை செய்யும் பையன், "நாய் நஜீஸ், உள்ளே கொண்டு வரக் கூடாது" என்று உரக்கச் சொல்ல, அவர் முகம் சிவந்து போய்விட்டார். மூன்று நாள் கழித்து, கண் பார்வையற்ற பெரியவர் ஒருவர், வழிகாட்டும் நாயின் கைப்பிடியைப் பற்றிக் கொண்டு வந்தார். பையன் அவரையும் அதே சொல்லைச் சொல்லி வாசலிலேயே நிறுத்தி விட்டான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. நாயைத் திருப்பிக் கொண்டு போய்விட்டார். "பையன் செய்தது மார்க்கப்படி சரிதானா? சரி என்றால் என் மனம் ஏன் உறுத்துகிறது? தவறு என்றால், நாய் வந்து போன கடையில் நான் எப்படி முஸல்லா விரித்துத் தொழுவது?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரர்.

இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. நம் கடலோர ஊர்களிலிருந்து சென்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடை வைத்திருப்போர் எத்தனையோ பேர். பிரிட்டனில் கடைகளில் வேலை பார்ப்போரும் உண்டு. ஏன், சென்னையிலும் இப்போது செல்லப் பிராணிகளைத் தோளிலும் தள்ளுவண்டியிலும் வைத்துக் கொண்டு பெரிய அங்காடிகளுக்கு வருகிறார்கள். ஆகவே இந்த மஸ்அலாவைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்து விடுவோம்.

முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறேன். அந்தக் கடைப் பையன் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னான். மார்க்கச் சட்டமோ இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அது மட்டுமல்ல, அவன் சொன்ன காரணம், அதாவது நாய் நஜீஸ் என்பது, இரண்டில் எதற்கும் சரியான காரணம் அல்ல.

நஜீஸ் என்பதும் நஜீஸாவது என்பதும்

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அவற்றில் முதல் முறை மண்ணைக் கொண்டு என்ற விபரம் முஸ்லிமின் அறிவிப்பில் இருக்கிறது. இந்த ஹதீஸை எடுத்துக் கொண்டு நம் இமாம்கள் சென்ற பாதைகள் வெவ்வேறு.

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களிடம் நாயின் உடல் முழுவதும், எச்சில், வியர்வை, ரோமம் உட்பட, நஜீஸே. அதுவும் 'முகல்லழா' எனப்படும் கடுமையான நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். ஒரு முறை மண் கலந்த நீர். ஹம்பலீ மத்ஹபிலும் ஏறக்குறைய இதே நிலைதான். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மத்ஹபில், ஏற்கப்பட்ட சொல்லின்படி, நாய் தன் உடலால் நஜீஸ் அல்ல. அதன் எச்சில்தான் நஜீஸ். வேட்டைக்கும் காவலுக்கும் அதனால் பயன் பெற அனுமதி இருக்கிறதே என்று ஹிதாயாவில் காரணம் காட்டப்பட்டுள்ளது. ஹனபீகளுக்கு மூன்று முறை கழுவுவது போதும். ஏழு முறை கழுவுவது சிறப்பு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபில், உயிருள்ள நாய் சுத்தமானதே. அப்படியானால் ஏழு முறை கழுவச் சொன்னது எதற்கு என்றால், அது வணக்க நோக்கில் இடப்பட்ட கட்டளை, காரணம் கேட்காமல் செய்ய வேண்டியது என்கிறார்கள்.

இங்கே இடையில் ஒரு சொல். சில பிரசங்க மேடைகளில், நாயின் எச்சிலில் உள்ள கிருமியை மண் ஒன்றுதான் கொல்லும் என்று விஞ்ஞானம் கண்டுபிடித்து விட்டதாக முழங்குகிறார்கள். நான் என் மாணவர்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுப்பதில்லை. கிருமிக்காகத்தான் இந்தச் சட்டம் என்றால், தடுப்பூசி போட்டுச் சோப்பால் குளிப்பாட்டிய நாய்க்கு இந்தச் சட்டம் கிடையாது என்று நாளைக்கே ஒருவர் எழுந்து வாதிப்பார். அவருக்கு என்ன பதில் சொல்வது? நாம் கழுவுவது கட்டளைக்காக. அதோடு விட்டு விடுவது நல்லது.

நிற்க. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களைச் சேர்ந்தவர்கள் ஷாபிஈகள். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்தவர்கள் ஹனபீகள். கடிதம் எழுதிய சகோதரர் ஷாபிஈ என்பதால், நான்கு மத்ஹபுகளில் மிகக் கடினமான சொல்லை வைத்துக் கொண்டே அவருடைய கடையைப் பார்ப்போம். அந்தக் கடினமான சொல்லின்படியே விடை கிடைத்து விட்டால், மற்றவர்களுக்கு இன்னும் இலேசு.

ஷாபிஈ நூல்கள் நாயை நஜீஸ் என்று சொல்கின்றன. நாய் நுழைந்த இடம் நஜீஸ் என்று எந்த நூலும் சொல்லவில்லை. நஜீஸ் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குப் போக வேண்டுமானால் இரண்டில் ஒன்றிலாவது ஈரம் இருக்க வேண்டும். காய்ந்தது காய்ந்ததில் பட்டால் எதுவும் மாறுவதில்லை. இதில் கருத்து வேறுபாடே கிடையாது. காய்ந்த ரோமமுள்ள நாய் காய்ந்த தரையில் நடந்தது. அரிசி மூட்டையின் வெளிப்புறத்தில் உரசிக் கொண்டு போனது. உங்கள் கைலியில் அதன் வால் பட்டது. எல்லாம் காய்ந்திருந்தால் கழுவ வேண்டியது ஒன்றுமில்லை. தரையும் சுத்தம், மூட்டையும் சுத்தம், கைலியும் சுத்தம்.

ஈரம் இருந்தால்? மழையில் நனைந்த நாய் உள்ளே வந்தது, அல்லது நக்கி விட்டது, அல்லது நாக்கிலிருந்து எச்சில் சொட்டியது. அப்போது பட்ட இடம் மட்டும் நஜீஸ். கடை முழுவதும் அல்ல. பட்ட இடத்தை முதலில் துடைத்து, ஒரு முறை மண் கலந்த நீரையும் ஆறு முறை வெறும் நீரையும் ஊற்றி விட்டால் முடிந்தது. ஷாபிஈ மத்ஹபின் பலமான சொல்லின்படி மண்ணுக்குப் பதில் சோப்பு ஆகாது. அடுக்குமாடி வீட்டிலும் ஓடு பதித்த கடையிலும் மண்ணுக்கு எங்கே போவது என்பார்கள். பூச்செடி விற்கும் இடங்களில் பையில் அடைத்த மண் கிடைக்கிறது. ஆனால் சாண எரு கலந்ததை வாங்கி விடாதீர்கள். அது தானே நஜீஸ். மலேசியாவில் இதற்கென்றே களிமண் கலந்த சோப்புக் கட்டிகள் விற்கிறார்கள். கழுவும் நீரைக் கலங்கச் செய்யும் அளவுக்குச் சுத்தமான மண் அதில் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். ஒரு சிறு டப்பாவில் மண்ணை வைத்துக் கொண்டால் இந்த விஷயத்தில் பாதிக் கவலை தீர்ந்து விடும்.

அடுத்து, சந்தேகம். நம் மக்களை வாட்டுவது நஜீஸை விட இந்தச் சந்தேகம்தான். உறுதியான ஒன்று சந்தேகத்தால் நீங்காது என்பது பிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளில் ஒன்று. தரை சுத்தமாக இருந்தது உறுதி. நாய் நக்கியிருக்குமோ என்பது சந்தேகம். ஆகவே தரை சுத்தம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எடுத்துச் சொல்லும் ஒரு மஸ்அலாவைப் பாருங்கள். தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் ஒரு நாய் தலையை விட்டு வெளியே எடுத்தது; அது குடித்ததா இல்லையா என்று தெரியவில்லை; அதன் வாய் ஈரமாகக் கூட இருக்கிறது. அப்போதும் அந்தத் தண்ணீரை நஜீஸ் என்று தீர்ப்பளிக்கக் கூடாது என்பதே சரியான சொல். வாயின் ஈரம் வேறு வழியாகவும் வந்திருக்கலாம் அல்லவா? தலையே பாத்திரத்துக்குள் போன போது இந்தத் தீர்ப்பு என்றால், கடையின் நடுவில் நடந்து போன நாயைப் பற்றி என்ன சொல்ல இருக்கிறது!

பெரிய அங்காடிகளில் சாமான் போடும் தள்ளுவண்டியில் நாயைத் தூக்கி உட்கார வைத்து விடுகிறார்கள். அடுத்து வருகிறவர் அதே வண்டியில் காய்கறியைப் போடுகிறார். முன்னால் நாய் இருந்ததைக் கண்ணால் கண்டு, ஈரத்தையும் கண்டவர் வேறு வண்டியை எடுத்துக் கொள்ள வேண்டும். காணாதவர் தோண்டித் துருவ வேண்டியதில்லை. அவருக்கு வண்டி சுத்தம். தெருவில் நஜீஸ் கலந்திருப்பது உறுதியான சேற்றைக் கூட, அது முகல்லழாவாக இருந்தாலும், நஜீஸ் தனியாகக் கண்ணுக்குத் தெரியாத வரை, தவிர்க்க முடியாத அளவுக்கு மன்னிக்கலாம் என்று பத்ஹுல் முஈனில் வருகிறது. நாம் ஓதிய கிதாபுதான் அது. ஓதி முடித்து வெளியே வந்ததும் நமக்கு மறந்து போகிறது.

வளர்ப்பது வேறு, வந்து போவது வேறு

சரி, சுத்தம் சம்பந்தப்பட்ட பயம் தீர்ந்தது. மலக்குகள் வர மாட்டார்களே என்று அடுத்த கேள்வி வரும். நாயும் உருவமும் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற கருத்திலான ஹதீஸ் ஸஹீஹானது. அபூதல்ஹா (ரலி) அவர்கள் அறிவிப்பது. இங்கே மலக்குகள் என்பது ரஹ்மத்தைக் கொண்டு வரும் மலக்குகள் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். வீடு என்ற சொல் மனிதன் தங்கியிருக்கும் எந்த இடத்தையும் குறிக்கும் என்று இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் எழுதியிருப்பதால், கடையும் அதில் அடங்கும் என்று ஒருவர் சொல்லலாம். அதை நான் மறுக்கவில்லை. காரணமின்றி ஒரு நாயைக் கடையிலேயே கட்டி வளர்ப்பவர் இந்த ஹதீஸைக் கேட்டு அஞ்ச வேண்டியதுதான். ஆனால் சாமான் வாங்க வந்தவர் பத்து நிமிடம் தம்முடன் வைத்திருந்து கூட்டிப் போகும் நாயை, கடைக்காரர் வைத்திருக்கும் நாயாக எப்படிக் கணக்கிடுவது?

வேட்டை, ஆடு மாடு, விவசாயம் ஆகியவற்றுக்கு அல்லாமல் நாய் வளர்ப்பவரின் நற்கூலியிலிருந்து அன்றாடம் ஒரு கீராத் குறையும் என்ற ஹதீஸும் இப்படித்தான். இரண்டு கீராத் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. அந்த எச்சரிக்கை வளர்ப்பவருக்கு. பக்கத்தில் நிற்பவருக்கு அல்ல. நம்மில் ஒருவர் அழகுக்காகவும் பெருமைக்காகவும் வீட்டில் நாய் வளர்த்தால் அவரிடம் இந்த ஹதீஸைச் சொல்ல நமக்குக் கடமை இருக்கிறது. கடைக்கு வந்த முஸ்லிமல்லாத பெண்மணியின் முகத்துக்கு நேரே அதை வீசுவதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவர் நம் சட்டத்தை ஏற்றவரும் அல்லர்; அதைப் பற்றி நம்மிடம் கேட்கவும் இல்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே ஒரு முறை நாய்க்குட்டி ஒன்று நுழைந்து விட்டது. வருவதாகச் சொல்லியிருந்த ஜிப்ரீல் (அலை) அவர்கள் வரவில்லை. பின்னர் குட்டி இருப்பது தெரிந்து, அதை வெளியே கொண்டு போகச் சொல்லி, அது இருந்த இடத்தில் தம் கையால் தண்ணீரைத் தெளித்தார்கள் என்று அன்னை மைமூனா (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் அறிவிக்கப்படுகிறது. ஷாபிஈ உலமாக்கள் இந்தத் தெளித்தலைக் கழுவுதல் என்றே விளங்கியுள்ளார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. குட்டியை வெளியேற்றினார்கள், அது இருந்த இடத்தைச் சுத்தம் செய்தார்கள். யாரையும் கடிந்ததாகவோ, வீட்டை முழுவதும் கழுவியதாகவோ அந்த அறிவிப்பில் இல்லை.

இதை விட நம் கேள்விக்கு நெருக்கமானது இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு. ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களின் காலத்தில் நாய்கள் பள்ளிவாசலுக்குள் வருவதும் போவதுமாக இருந்தன. அதற்காக அவர்கள் தண்ணீர் எதுவும் தெளித்ததில்லை என்ற கருத்தில் அது புகாரீயிலேயே பதிவாகியிருக்கிறது. இதை வைத்துப் பள்ளிக்குள் நாயை விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. அது பள்ளிக்குக் கதவு வைப்பதற்கு முந்திய நிலை என்கிறார்கள் ஷாபிஈகள். பூமி காய்ந்தால் சுத்தமாகி விடும் என்பதற்கு இதை ஆதாரமாகக் கொள்கிறார்கள் ஹனபீகள். எப்படி விளங்கினாலும், நாய் நடந்து போனது ஒன்றுக்காகவே ஓர் இடத்தில் தொழுகை கூடாது என்று ஆகி விடவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்தச் சகோதரரின் மூன்றாவது கேள்விக்கு இதுவே பதில். அவர் தாராளமாக அங்கே முஸல்லா விரித்துத் தொழலாம்.

கடைக்காரரின் உரிமை

அப்படியானால் எல்லா நாய்களையும் உள்ளே விட்டு விட வேண்டுமா? அப்படியும் நான் சொல்லவில்லை.

கடை அவருடைய சொத்து. கதவைத் திறந்து வைத்திருப்பதே வாங்க வருவோருக்கு அனுமதி. குடியிருப்பில்லாத, உங்களுக்குப் பயனுள்ள கட்டிடங்களுக்குள் நுழைவதில் குற்றமில்லை என்ற கருத்திலான ஸூரத்துந் நூரின் 29-வது வசனத்துக்கு, வியாபாரிகளின் கடைகள் என்று முபஸ்ஸிர்களில் சிலர் விளக்கம் தந்துள்ளார்கள். அந்த அனுமதி மனிதருக்கு, வாங்குவதற்கு. அவர் கூடவே கொண்டு வரும் எல்லாவற்றுக்கும் அது தானாகப் பொருந்தி விடாது. செல்லப் பிராணிகளை வெளியில் விட்டு வரவும் என்று கடைக்காரர் ஒரு நிபந்தனை வைத்தால் அது அவருடைய உரிமை. அதற்கு அவர் நஜீஸைக் காரணம் காட்ட வேண்டிய தேவையே இல்லை. திறந்த மூட்டைகளில் அரிசி பருப்பு இருக்கிறது. கீழ்த்தட்டில் ரொட்டி அடுக்கியிருக்கிறது. நாயைக் கண்டால் அலறும் குழந்தைகளும் முதியவர்களும் வருகிறார்கள். இவை போதாதா? நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளே, உணவு தயாரிக்கும் விற்கும் இடங்களுக்குள் பிராணிகளை அனுமதிக்கக் கூடாது என்று சொல்கின்றன. உணவகம் நடத்துகிறவர் சட்டத்தையே எடுத்துக் காட்டலாம்.

ஆகவே முதலில் வந்த பெண்மணியைப் பொறுத்த வரை, பையன் அவரை நிறுத்தியது தவறல்ல. நிறுத்திய விதம் தவறு. அவர் பிள்ளையைப் போல் ஏந்தி வந்ததை, நாலு பேர் முன்னால், அசிங்கம் என்ற பொருளில் ஒரு சொல்லால் அடித்தான். "அம்மா, உணவுச் சாமான் இருக்கிற கடை, குட்டியோடு வாசலிலேயே நில்லுங்கள், என்ன வேண்டும் என்று சொன்னால் நான் எடுத்து வந்து தருகிறேன்" என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்துக் கொண்டே வாங்கிப் போயிருப்பார். வாசலில் ஓர் அறிவிப்புப் பலகையை மாட்டி விட்டால் வாய்ப் பேச்சுக்கே வேலை இல்லை.

கண்ணில்லாதவரின் நாய்

இப்போது அந்தப் பெரியவரிடம் வருவோம். கடிதத்தைப் படித்த போது என்னையும் உறுத்தியது இதுதான்.

வழிகாட்டி நாய் என்பது செல்லப் பிராணி அல்ல. முதல் உலகப் போரில் கண்ணை இழந்த போர் வீரர்களுக்காக 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் இதற்கென்று முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 1929-லும் பிரிட்டனில் 1931-லும் இந்தப் பயிற்சி பரவியது. படியைக் கண்டால் நிற்கவும், தடையைக் கண்டால் விலகிப் போகவும், வண்டி வரும் போது எஜமானர் போ என்று சொன்னாலும் போகாமல் மறுக்கவும் அதற்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். சேணம் போன்ற வார் பூட்டியிருக்கும் வரை அது வேலையில் இருக்கிறது. பிறர் அதைத் தடவிக் கொடுப்பதும் தின்பண்டம் நீட்டுவதும் கூடாது. அதை வாசலில் கட்டி விட்டு வாருங்கள் என்று சொல்வது, உங்கள் கண்ணைக் கழற்றி வாசலில் வைத்து விட்டு வாருங்கள் என்று சொல்வதற்குச் சமம்.

இப்படி ஒரு நாயை வைத்திருக்க மார்க்கத்தில் அனுமதி உண்டா? ஹதீஸில் மூன்று தேவைகள் சொல்லப்பட்டன. வீட்டுக் காவல் அதில் இல்லை. ஆயினும் அந்த மூன்றின் மீது கியாஸ் செய்து, வீட்டுக் காவலுக்கு நாய் வைத்திருப்பதும் கூடும் என்பதையே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் சரியான சொல்லாக எடுத்துள்ளார்கள். ஆட்டைக் காக்கவும் வீட்டுச் சாமானைக் காக்கவும் நாய் கூடும் என்றால், ஒரு மனிதன் வண்டிக்கு அடியில் போய் விழாமல் காக்க நாய் கூடாதா? இந்தக் கியாஸ் அந்தக் கியாஸை விடப் பலமானது. வேட்டை நாய்களைப் பழக்கி, அல்லாஹ் கற்றுத் தந்ததிலிருந்து அவற்றுக்குக் கற்பிப்பதைப் பற்றி ஸூரத்துல் மாயிதாவின் 4-வது வசனமே பேசுகிறது. பழக்கிய நாய்க்கும் பழக்காத நாய்க்கும் சட்டம் வேறு என்பது திருமறையிலேயே உள்ள வேறுபாடு.

2008-ல் பிரிட்டனின் லெஸ்டர் நகரில், பார்வையற்ற முஸ்லிம் மாணவர் ஒருவர் தம் வழிகாட்டி நாயுடன் பள்ளிவாசலுக்கு வர அனுமதி கேட்டார். பிரிட்டனிலுள்ள ஷரீஅத் கவுன்சில் ஆராய்ந்து அனுமதி அளித்தது. தொழுமிடத்துக்குள் அல்ல, நுழைவாயிலருகே நாய் காத்திருக்க ஓர் இடம் ஒதுக்கினார்கள். இந்தச் செய்தியைப் படித்த போது எனக்கு குகைத் தோழர்களின் நாய் நினைவுக்கு வந்தது. அந்த நல்லடியார்களின் நாய் முன்னங்கால்களை விரித்துக் கொண்டு வாசற்படியில் கிடந்ததை ஸூரத்துல் கஹ்பின் 18-வது வசனம் சொல்கிறது. உள்ளேயும் போகவில்லை, அவர்களை விட்டுப் பிரியவும் இல்லை.

பள்ளிவாசலுக்கே வழி கண்டார்கள். மளிகைக் கடைக்கு வழி இல்லையா? பள்ளியில் வாசலில் நாயை விட்டால் ஜமாஅத்தார் கையைப் பிடித்து ஸஃப்புக்கு அழைத்துச் செல்வார்கள். கடையில் தட்டுக்குத் தட்டு நடக்க வேண்டியிருப்பதால் நாய் கூட வருவதுதான் அவருக்குத் தோது. கடைக்காரர் முன்வந்து, "நாய் இங்கே இருக்கட்டும், நான் உங்களை அழைத்துப் போகிறேன்" என்று கையை நீட்டலாம். அவர் மனம் ஒப்பினால் மட்டும். ஒப்பாவிட்டால் நாயோடு உள்ளே விட வேண்டியதுதான். சமையல் நடக்கும் இடத்துக்குள் அது போக வேண்டிய தேவை யாருக்கும் வராது.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) என்ற கண்ணில்லாத ஸஹாபியைப் பற்றி நமக்குத் தெரியும். குறைஷித் தலைவர்களிடம் நபியவர்கள் பேசிக் கொண்டிருந்த வேளையில் அவர் வந்து கேட்க, அப்போது முகம் சுளித்துத் திரும்பியதற்காக அருமை நபியையே அல்லாஹ் கண்டித்து, 'அபஸ' ஸூராவை இறக்கினான். அங்கே திரும்பியதும் தீனின் நன்மைக்காகத்தான். தலைவர்கள் இஸ்லாத்துக்கு வரட்டும் என்ற ஆசையில்தான். கண்ணில்லாதவருக்கு அந்தச் சுளிப்புத் தெரிந்திருக்கவும் முடியாது. அப்படியும் கண்டனம் வந்தது. நம் கடைப் பையன் சொன்னதோ அந்தப் பெரியவரின் காதில் விழுந்தது.

அதே இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், தமக்கு ஏற்ற வழிகாட்டி இல்லை என்று காரணம் சொல்லி ஜமாஅத்துக்கு வராமல் இருக்க அனுமதி கேட்ட செய்தியை அபூதாவூதில் காணலாம். கண்ணில்லாதவருக்கு வழிகாட்டி எவ்வளவு பெரிய தேவை என்பதை அந்தக் கேள்வியே சொல்லி விடுகிறது.

நாட்டுச் சட்டத்தையும் நம் வியாபாரிகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிரிட்டனில் 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, வழிகாட்டி நாயோடு வரும் பார்வையற்றவரைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவது பொதுவாகச் சட்டவிரோதமான பாகுபாடாகவே கொள்ளப்படும். வாடகைக் கார் ஓட்டுநர்கள் இப்படி மறுத்து அபராதம் கட்டியிருக்கிறார்கள். உடல்நலக் காரணத்துக்குச் சான்றிதழ் பெற்றவருக்கு விலக்கு உண்டு. மதத்தைக் காரணம் காட்டுவோருக்கு விலக்கு இல்லை. சிங்கப்பூரிலும் வழிகாட்டி நாய்க்கு உணவகங்களில் அனுமதி உண்டு. ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகங்களும் இதில் அடங்கும். அங்கேயுள்ள இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் இதை ஏற்றிருக்கிறது. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மக்கள் மிகுந்த நாட்டின் உலமாக்கள் ஏற்றது இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, கடையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. நாயை அனுமதிக்கும் முதலாளியிடம் வேலை பார்ப்பதால் சம்பளம் ஹராமாகி விடாது. காய்ந்த நாய் உரசினால் ஒன்றுமில்லை. நக்கி விட்டால், தொழுகைக்கு முன் அந்த இடத்தை ஷாபிஈ ஏழு முறையும் ஹனபீ மூன்று முறையும் கழுவிக் கொள்ளட்டும். உளூ முறியாது, பலர் உளூவை மறுபடி செய்கிறார்கள், அதற்கு அவசியமில்லை. மண் கிடைக்காத நிலையில் ஷாபிஈ ஒருவர் நெருக்கடிக்கு ஆளானால், தம் ஊர் ஆலிமிடம் கேட்டு, நிபந்தனைகளைத் தெரிந்து கொண்டு, வேறொரு மத்ஹபைத் தக்லீது செய்வதற்கும் வழி உண்டு. தாமாகச் செய்து கொள்ள வேண்டாம்.

தெரு நாய் விஷயம் தனி. நம் ஊர்த் தேநீர்க் கடைகளில், வாசலில் படுத்திருக்கும் நாயின் மேல் கொதிநீரை ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், நஜீஸ், விரட்டுகிறேன் என்பார்கள். தாகத்தால் ஈர மண்ணை நக்கிக் கொண்டிருந்த நாய்க்குத் தம் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக புகாரீயில் வருகிறது. விரட்டத்தான் வேண்டும் என்றால் ஒரு குச்சியைத் தரையில் தட்டினால் போதும், அது எழுந்து போய் விடும்.

கடிதம் எழுதிய சகோதரர் அந்தப் பெரியவர் அதே வட்டாரத்தில் குடியிருப்பவர் என்றும் குறிப்பிட்டிருக்கிறார். பையனையும் அழைத்துக் கொண்டு அவருடைய வீட்டுக்குப் போய், நேரில் மன்னிப்புக் கேட்டு, நாயோடு கடைக்கு வாருங்கள் என்று சொல்லி விட்டு வருவது அவர் மீது கடமை. மனிதருக்குச் செய்த தீங்கு அந்த மனிதர் மன்னித்தால்தான் தீரும். வெறும் தவ்பாவினால் அது தீராது. போகும் போது நாய் வந்து முகர்ந்து பார்க்கும். கைலியில் ஈரம் பட்டு விட்டால், கழுவும் முறை மேலே சொல்லப்பட்டிருக்கிறது.

வல்லாஹு அஃலம்.